வாசகர் கேள்வி – பதில்: ஏர்லாம் வீட்டு நாட்குறிப்புகள்

இங்கிலாந்தின் நாரிச் நகரைச் சேர்ந்த கர்னி என்னும் குவேக்கர் குடும்பம் விட்டுச்சென்ற நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதைப் படித்த வாசகர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். ஒரே பொருளைப் பற்றிய கேள்விகள் என்பதால், அவற்றுக்கான பதில்களை இம்முறை ஒன்றாகவே தருகிறோம்.

பழைய ஐந்து பவுண்டு நோட்டில் ஓர் அம்மையாரின் படம் இருந்ததே, அவரும் நீங்கள் எழுதிய குடும்பத்தைச் சேர்ந்தவர்தாமா? குவேக்கர் என்பவர்கள் யார்?
— கல்லூரி மாணவர், திருச்சி

அவரேதான். 2002ஆம் ஆண்டு முதல் 2017 வரை புழக்கத்தில் இருந்த அந்த நோட்டில், லண்டனின் நியூகேட் சிறையில் கைதிகளுக்கு வாசித்துக் காட்டுபவராக வரையப்பட்டிருந்தவர், சிறைச் சீர்திருத்தத்துக்கு உழைத்த எலிசபெத் ஃபிரை. பிறந்த வீட்டுப் பெயர் கர்னி. 1780 மே 21 அன்று நாரிச்சில் பிறந்தார். தந்தை ஜான் கர்னி கம்பளி வணிகமும் வங்கித் தொழிலும் செய்தவர். தாய் கேத்தரின் 1792இல் இறந்தபோது, வீட்டில் பதினொரு பிள்ளைகள் இருந்தார்கள். 1786 முதல் அவர்கள் வாழ்ந்த ஏர்லாம் மாளிகை இன்றும் இருக்கிறது. ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகம் அதைப் பயன்படுத்துகிறது.

பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவர் தொடங்கிய ‘நண்பர்கள் சங்கம்’ என்னும் கிறித்துவ சபையினரைத்தான் குவேக்கர் என்கிறோம். அவர்களுக்குக் குருமார் இல்லை, ஞானஸ்நானச் சடங்கு இல்லை. கூட்டத்தில் எல்லோரும் மௌனமாக அமர்ந்திருப்பார்கள். உள்ளத்தில் ஏவுதல் உண்டானவர், ஆணோ பெண்ணோ, எழுந்து பேசுவார். சத்தியம் செய்ய மாட்டார்கள், போருக்குப் போக மாட்டார்கள், ஆடையிலும் பேச்சிலும் ஆடம்பரத்தை ஒதுக்குவார்கள். ஆங்கிலத் திருச்சபையைச் சேராதவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பட்டம் பெற வழியில்லாமல் இருந்த காலம் அது. ஆகவே குவேக்கர் குடும்பங்களில் திறமையுள்ள பிள்ளைகள் வணிகத்துக்கும் வங்கித் தொழிலுக்கும் போனார்கள். கர்னி வங்கி 1770இல் தொடங்கியது. 1896இல் பார்க்ளேஸ் வங்கி உருவானபோது அதில் இணைந்தது.

ஒரே வீட்டில் இத்தனை பேர் நாட்குறிப்பு எழுதியது எப்படி? அது சமயக் கட்டளையா, பொழுதுபோக்கா?
— பள்ளி ஆசிரியை, கோயம்புத்தூர்

கட்டளை இல்லை, ஆனால் பொழுதுபோக்கும் இல்லை. குருவிடம் பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, செய்யும் வழக்கம் இல்லாத சபையில், ஒருவர் தன் மனத்தைத் தானே விசாரித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த விசாரணை நடந்த இடம் நாட்குறிப்பு. ஜார்ஜ் ஃபாக்ஸின் நாட்குறிப்பு அவர் மறைவுக்குப் பின் 1694இல் அச்சானது முதல், மூத்த ஊழியர்களின் (கூட்டங்களில் பேசும் வரம் உடையவர்கள் என்று சபை ஏற்றுக்கொண்டவர்களின்) ஆன்மிக நாட்குறிப்புகளை அச்சிட்டுப் படிப்பது குவேக்கர்களிடம் வழக்கமாக இருந்தது. பிள்ளைகள் அவற்றைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தார்கள். எழுதும் பழக்கமும் தானாக வந்தது.

எலிசபெத்தின் தம்பி ஜோசஃப் ஜான் கர்னி இளைஞராக இருந்தபோது, இரவுதோறும் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள ஒரு கேள்விப் பட்டியலையே எழுதி வைத்திருந்தார். அன்றைய நாளை எப்படிக் கழித்தேன், யாரிடம் எப்படி நடந்துகொண்டேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதில் சொல்லிக்கொள்வதற்கான பட்டியல் அது. வங்கித் தொழில் செய்த வீட்டுப் பிள்ளை அன்றாடக் கணக்கை முடிக்காமல் படுக்கப் போவதில்லை என்ற ஒழுங்கைத் தன் மனத்துக்கும் பொருத்திக்கொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஏர்லாம் சகோதரிகளின் சிறுவயதுக் குறிப்புகளில் இந்தக் கண்டிப்பு இல்லை. அதனால்தான் அவை எனக்கு மிகவும் பிடித்திருக்கின்றன. ஜான் கர்னி பெயரளவில்தான் குவேக்கராக இருந்தார். அவருடைய பெண்கள் நிற நிறமாக உடுத்தினார்கள், பாடினார்கள், ஆடினார்கள். ஞாயிறுதோறும் நாரிச்சின் கோட் லேன் கூட்டத்துக்குப் போய் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பது அவர்களுக்குப் பெருந்தண்டனையாக இருந்தது. ‘அருவருப்பு’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைச் சுருக்கி ‘டிஸ்’ என்று தங்களுக்குள் ஒரு சொல் வைத்துக்கொண்டார்கள். கோட் லேன் கூட்டத்தைக் ‘கோட்ஸ்’ என்றார்கள். “கோட்ஸ் இன்று டிஸ்” என்று ஒரு நாள் குறிப்பே முடிந்துவிடுகிறது. பிற்காலத்தில் சமயப் பணிக்கும் சமூகப் பணிக்கும் பெயர்பெற்ற குடும்பம், பிள்ளைப் பருவத்தில் தன் சமயக் கூட்டத்தைப் பற்றி எழுதிவைத்த வரி இது. இதை யாரும் கிழித்து எறியாமல் காப்பாற்றியதற்காக அந்தக் குடும்பத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

1798 பிப்ரவரி 4 அன்று அமெரிக்காவிலிருந்து வந்திருந்த வில்லியம் சேவரி என்னும் குவேக்கர் ஊழியர் அதே கோட் லேனில் பேசினார். அன்று எலிசபெத் அணிந்திருந்தது சிவப்பு நாடா கட்டிய ஊதா நிறக் காலணி. தங்கை ரிச்செண்டா பிற்காலத்தில் நினைவுகூர்ந்து எழுதிய குறிப்பினால்தான் அந்தக் காலணியின் நிறம் நமக்குத் தெரிகிறது. அக்கா வண்டியில் வீடு திரும்பும் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தார் என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். எலிசபெத்தோ தம் நாட்குறிப்பில் காலணியையும் கண்ணீரையும் விட்டுவிட்டு, ‘கடவுள் ஒருவர் இருக்கிறார் என்று இன்று உணர்ந்தேன்’ என்ற கருத்தை மட்டும் எழுதினார். ஒரு காலைப்பொழுதின் வெளிப்புறத்தை ஒரு சகோதரியும் உட்புறத்தை இன்னொரு சகோதரியும் எழுதி வைத்திருக்கிறார்கள். தனியொருவரின் நாட்குறிப்பைவிட ஒரு குடும்பத்தின் தாள்கள் மொத்தமாகக் கிடைப்பது ஏன் பெரிய செல்வம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு என்னிடம் இல்லை.

அவர்களுடைய நாட்குறிப்புகளில் கிழமை, மாதப் பெயர்கள் இல்லாமல் எண்களாகவே இருப்பது ஏன்?
— ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், மதுரை

ஆங்கிலத்தில் கிழமைகளுக்கும் பல மாதங்களுக்கும் வழங்கும் பெயர்கள் பழைய தெய்வங்களின் பெயர்கள். அவற்றைச் சொல்வதும் எழுதுவதும் கூடாது என்று குவேக்கர்கள் ஒதுக்கினார்கள். ஞாயிறு ‘முதல் நாள்’, திங்கள் ‘இரண்டாம் நாள்’. ஜனவரி ‘முதல் மாதம்’. ஒரு தொல்லை மட்டும் உண்டு: இங்கிலாந்தில் 1752க்கு முன்பு ஆண்டு மார்ச்சில் தொடங்கியதால், அதற்கு முந்தைய குவேக்கர் தாள்களில் ‘முதல் மாதம்’ என்றால் மார்ச். கர்னி சகோதரிகளின் தாள்கள் அதற்குப் பிற்பட்டவை என்பதால் அந்தக் குழப்பம் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: எலிசபெத்தின் இளம்பருவக் குறிப்புகளில் சாதாரண மாதப் பெயர்களே வருகின்றன, அவர் கண்டிப்பான குவேக்கராக மாறியபின் எண்கள் வருகின்றன. தேதி எழுதும் முறையை வைத்தே அவருடைய மனமாற்றத்தைத் தொடர்ந்து பார்க்கலாம்.

நியூகேட் சிறைக்குள் முதன்முதலாகப் போன நாளைப் பற்றி அவர் என்ன எழுதியிருக்கிறார்? அந்தப் பகுதியை விரிவாகத் தர முடியுமா?
— வழக்கறிஞர், சென்னை

விரிவாகத் தர முடியாது. ஏனென்றால் அவர் விரிவாக எழுதவில்லை. பிரான்ஸில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஸ்டீஃபன் கிரெல்லெட் என்னும் குவேக்கர் 1813இன் தொடக்கத்தில் நியூகேட்டுக்குப் போய், பெண் கைதிகள் வெறுந்தரையிலும் வைக்கோலிலும் நெருக்கிக்கொண்டு கிடந்ததையும், அங்கேயே பிறந்த குழந்தைகள் துணியின்றி இருந்ததையும் பார்த்துவிட்டு நேராக எலிசபெத் ஃபிரையிடம் வந்து சொன்னார். எலிசபெத் துணி வாங்கி, தோழியரைக் கூட்டித் தைக்க வைத்து, குழந்தைகளுக்கான உடுப்புகளோடு சிறைக்குப் போனார். உடன் சென்றவர் ஆனா பக்ஸ்டன். பிப்ரவரி 16 தேதியிட்ட குறிப்பின் சாரம் இவ்வளவுதான்: நேற்றுச் சில மணி நேரம் நியூகேட்டில் அந்த ஏழைப் பெண் கைதிகளோடு இருந்து அவர்களுடைய வெளித்தேவைகளைக் கவனித்தோம், இதற்குமுன் இருமுறை போயிருந்தோம், புறப்படும் முன் ஆனா சில சொற்களில் வேண்டுதல் செய்தார், நானே எதிர்பாராமல் நானும் செய்தேன், அழுகை ஒலி கேட்டது.

பிற்காலத்தில் ஓவியர்கள் பெரிய பெரிய படங்களாகத் தீட்டிய காட்சி இது. அதை வாழ்ந்தவர் ஒரு சில வரிகளில் எழுதிவிட்டு, வீட்டுக் கவலைகளுக்குத் திரும்பிவிட்டார். அதன்பின் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அவர் நியூகேட்டில் பணியைத் தொடரவில்லை. அந்த இடைவெளியில் பிரசவங்கள், பணக் கவலை, நோய்கள். 1815இல் பெட்சி என்ற நான்கு வயது மகள் இறந்தாள். இந்த நான்கு ஆண்டுகளைச் சுருக்கமான வாழ்க்கை வரலாறுகள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. நாட்குறிப்போ அவற்றின் ஒவ்வொரு வாரத்தையும் நம்மை நடக்க வைக்கிறது.

அவர் மீண்டும் சிறைக்குத் திரும்பியபின் எழுதிய ஒரு குறிப்பை நான் மறக்கவே முடியாது. 1817 மார்ச் 4. மரண தண்டனை பெற்றிருந்த எலிசபெத் ஃபிரிக்கர் என்னும் பெண் அழைத்ததால் போய்ப் பார்த்துவிட்டு, அப்போதுதான் வீடு திரும்பி எழுதுகிறார். ‘நாளைக் காலை எட்டு மணிக்கு’ என்று தண்டனை நேரத்தைக் குறிக்கிறார். அந்தப் பெண்ணின் கைகள் குளிர்ந்திருந்தன, சாவுக்கு முன் வரும் வியர்வையைப் போன்ற ஈரம் அவற்றில் படர்ந்திருந்தது, உடல் முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது என்று எழுதுகிறார். அந்தக் கைகளைப் பிடித்திருந்த ஒருவரால் மட்டுமே எழுதக்கூடிய வரி அது. அதற்கடுத்த ஆண்டு நாடாளுமன்றத்தின் பொதுச்சபைக் குழுவின் முன் அவர் சிறைகளைப் பற்றிச் சாட்சியம் அளித்தார். அந்தச் சாட்சியத்தில் இருக்கும் அமைதியான உறுதிக்குப் பின்னால் இந்த நடுங்கும் கைகள் இருக்கின்றன என்பதை நாட்குறிப்பு இல்லாவிட்டால் நாம் அறிந்திருக்க முடியாது.

1817 ஏப்ரலில் ஒரு பாதிரியாரின் மனைவியும் பதினொரு குவேக்கர் பெண்களும் சேர்ந்து நியூகேட் பெண் கைதிகளின் நலனுக்காக ஒரு சங்கம் அமைத்தார்கள். பள்ளி, தையல் வேலை, பெண் கண்காணிப்பாளர் என்று ஏற்பாடுகள் நடந்தன. விதிகளை ஒவ்வொன்றாகக் கைதிகளுக்குப் படித்துக்காட்டி, அவர்கள் கை தூக்கி ஒப்புக்கொண்ட பிறகே நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள் என்பது வழக்கறிஞரான உங்களுக்குச் சுவையாக இருக்கும்.

ஊருக்கு உழைத்தவர் வீட்டைக் கவனித்தாரா? பதினொரு பிள்ளைகளுக்குத் தாய் என்று எழுதியிருந்தீர்கள்.
— இல்லத்தரசி, நாகர்கோவில்

அவரே தம்மைக் கேட்டுக்கொண்ட கேள்வி இது, அம்மா. அந்தக் காலத்திலும் ஊரார் கேட்டார்கள், சபைக்குள்ளேயே கேட்டார்கள். ஆனால் அவர்களைவிடக் கடுமையாக அவர்தான் கேட்டார். 1800 ஆகஸ்டில் ஜோசஃப் ஃபிரையை மணந்தார்; 1801 முதல் 1822 வரை பதினொரு பிள்ளைகள். பிள்ளைகளைக் கண்டிப்போடு வளர்க்கத் தமக்குத் தெரியவில்லை, வேலைக்காரர்களை நடத்தத் தெரியவில்லை, புகழ் தம் மனத்தைக் கெடுத்துவிடுமோ என்று நாட்குறிப்பில் திரும்பத் திரும்ப வருந்துகிறார். பிள்ளைகளுள் பலர் வளர்ந்தபின் சபைக்கு வெளியே மணம் செய்துகொண்டு, குவேக்கர் நெறியை விட்டு விலகினார்கள். அது அவருக்குப் பெரிய வேதனை. அவரைக் குறை சொல்வதற்கு இந்தப் பக்கங்களைப் பயன்படுத்துகிறவர்கள், அவர் தமக்காக மட்டும் எழுதிய குற்றப்பத்திரிகையையே அவருக்கு எதிரான சாட்சியாக வைக்கிறார்கள். அது நியாயமில்லை என்பது என் கருத்து. ஆண் ஒருவர் ஊர்ப்பணிக்குப் போனபோது, பிள்ளைகளை யார் பார்த்தார்கள் என்று எவரும் கேட்டதில்லை.

1828 நவம்பரில் கணவரின் வங்கி முறிந்தது. கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாத நிலைக்குத் தொழிலைக் கொண்டுவந்தவரைச் சபையிலிருந்து நீக்குவது குவேக்கர் ஒழுங்கு. ஜோசஃப் ஃபிரை நீக்கப்பட்டார்; எலிசபெத் ஊழியராகவே தொடர்ந்தார். கணவரும் மனைவியும் ஒரே சபையில் இருந்த நிலை முடிந்தது. பிளாஷெட் என்ற பெரிய வீட்டை விட்டு, சகோதரர் சாமுவேலின் ஆதரவோடு அப்டன் லேனில் ஒரு சிறிய வீட்டுக்குக் குடிபோனார்கள். முறிவுக்குப் பின்வந்த முதல் ஞாயிறு கூட்டத்துக்குப் போகலாமா என்று தயங்கிவிட்டுப் போனார். கண்ணீர் வழிய அமர்ந்திருந்தவர், சிறிது நேரத்துக்குப் பின் எழுந்து, “அவர் என்னைக் கொன்றுபோட்டாலும், அவர்மேல் நம்பிக்கையாயிருப்பேன்” என்று விவிலியத்தில் வரும் யோபுவின் சொற்களைச் சொன்னார்.

பக்ஸ்டன் அடிமை ஒழிப்புக்குப் போராடியவர் என்று படித்திருக்கிறேன். அவரும் இந்தக் குடும்பமா? அவர்களுடைய கடிதங்களில் எங்கள் நாட்டைப் பற்றி ஏதேனும் இருக்கிறதா?
— வாசகர், யாழ்ப்பாணம்

தாமஸ் ஃபோவெல் பக்ஸ்டன் கர்னி குடும்பத்தின் மருமகன். எலிசபெத்தின் தங்கை ஹன்னாவை 1807இல் மணந்தவர். பக்ஸ்டனின் தாய் குவேக்கர், அவரோ ஆங்கிலத் திருச்சபையினர். அவருடைய மகள் பிரிசில்லா, 1833இல் பெண்கள் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட அடிமை ஒழிப்பு மனுவுக்காக உழைத்தவர். பிரிசில்லாவின் திருமணம் அடிமைகள் விடுதலைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1834 ஆகஸ்ட் 1 அன்றே நடந்தது. அன்று பக்ஸ்டன் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், ‘மணமகள் இப்போதுதான் புறப்பட்டுப் போனாள், எல்லாம் நல்லபடியாக நடந்தது, பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் இனி ஓர் அடிமைகூட இல்லை!’ என்று எழுதினார். ஒரு தந்தையின் மகிழ்ச்சியும் ஒரு போராளியின் மகிழ்ச்சியும் ஒரே மூச்சில் வரும் கடிதம் அது.

உங்கள் கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. அந்தச் சட்டம் இலங்கையையும், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளையும், செயின்ட் ஹெலினாவையும் வெளிப்படையாகவே விலக்கிவைத்தது. கம்பெனி ஆட்சியில் அடிமை முறைக்குச் சட்ட ஏற்பு நீங்கியது 1843இல். இலங்கையில் முழு ஒழிப்புக்கான சட்டம் வந்தது 1844இல். மேற்கிந்தியத் தீவுகளில்கூட விடுதலை பெற்றவர்கள் ‘பயிற்சிப் பணி’ என்ற பெயரில் 1838 வரை பழைய எசமானர்களிடமே கட்டுண்டு உழைத்தார்கள். ஆகவே பக்ஸ்டனின் அந்த வரி எழுதப்பட்ட நாளிலேயே யாழ்ப்பாணத்துக் கோவியர், நளவர், பள்ளர் குடும்பங்கள் பலவற்றுக்கு அது உண்மையாக இல்லை. குடும்பக் கடிதம் எவ்வளவு உண்மையான உணர்ச்சியோடு எழுதப்பட்டிருந்தாலும், அதை அக்காலச் சட்டப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்தே படிக்க வேண்டும்.

மகள்கள் தாயின் நாட்குறிப்பைத் திருத்தி வெளியிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எதை நீக்கினார்கள்? மூலம் இன்று எங்கே இருக்கிறது?
— ஆய்வு மாணவி, தஞ்சாவூர்

எலிசபெத் ஃபிரை 1845 அக்டோபரில் ராம்ஸ்கேட்டில் காலமானார். இரண்டே ஆண்டுகளில், 1847இல், மகள்கள் கேத்தரினும் ரேச்சலும் நாட்குறிப்பிலிருந்தும் கடிதங்களிலிருந்தும் பகுதிகளைத் தொகுத்து, தாயின் வாழ்க்கை வரலாறாக இரண்டு பாகங்களில் வெளியிட்டார்கள். பதினேழு வயதில் தொடங்கி வாழ்நாள் முழுவதும் எழுதிய குறிப்பேடுகளை இரண்டு பாகங்களுக்குள் அடக்குவது எளிதில்லை. சுருக்கியதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் சுருக்கியதோடு நிற்கவில்லை. தாய்க்கு எழுத்துக்கூட்டுதல் கடைசிவரை சரியாக வந்ததில்லை. சிறுவயதில் பாடத்தில் மந்தம் என்று பெயரெடுத்தவர். அந்தப் பிழைகளை நீக்கினார்கள், வாக்கியங்களைச் செப்பனிட்டார்கள், குடும்பத்துக்குள் இருந்த மனத்தாங்கல்களையும் தாயின் கடுமையான தன்னையிகழ்ச்சிகளையும் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். அன்பினால் செய்ததுதான். ஆனால் அதன் விளைவாக, தயங்கித் தயங்கி நடந்த ஒரு பெண், பிறக்கும்போதே உறுதியோடு பிறந்த புனிதவதியாக மூன்று தலைமுறை வாசகர்களுக்கு அறிமுகமானார்.

நாட்குறிப்புகளின் பெரும்பகுதி லண்டன் யூஸ்டன் சாலையில் உள்ள நண்பர்கள் சங்க நூலகத்தில் இருக்கிறது. சில பகுதிகள் நாரிச்சில் உள்ள நார்ஃபோக் ஆவணக்காப்பகத்திலும் பிரிட்டிஷ் நூலகத்திலும் இருக்கின்றன. கர்னி உடன்பிறந்தார் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களும் நண்பர்கள் சங்க நூலகத்தில் பெருந்தொகுப்பாக இருக்கின்றன. ஆய்வுக்கு இறங்கினால் முதலில் 1847 பதிப்பைப் படியுங்கள், பிறகு மூலத்தின் படத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். மகள்கள் எந்த இடத்தில் கத்தரிக்கோலை எடுத்தார்கள் என்பதே ஓர் ஆய்வேட்டுக்குப் போதும்.

அந்தக் கடிதங்களின் படத்தில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன. அது ஏன்?
— வாசகர், ஈரோடு

தாளைச் சிக்கனம் செய்யத்தான். 1840 ஜனவரியில் ஒரு பென்னி அஞ்சல் வருவதற்கு முன், கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. பெரும்பாலும் பெறுபவரே கொடுக்க வேண்டும். இரண்டாவது தாள் வைத்தால் கட்டணம் இரட்டிக்கும். ஆகவே ஒரு பக்கத்தை நிரப்பியபின் தாளைக் கால் வட்டம் திருப்பி, எழுதிய வரிகளுக்குக் குறுக்கே மேலும் எழுதினார்கள். வசதியுள்ள குடும்பங்களும் இப்படித்தான் செய்தன. பழகிய கண்ணுக்கு ஒரு திசையை மட்டும் பிரித்துப் படிப்பது வந்துவிடும்.

என் மாமியார் முப்பது ஆண்டுகள் எழுதிய டைரிகள் எங்களிடம் இருக்கின்றன. உறவினர்களைப் பற்றிய கசப்பான பக்கங்களைக் கிழித்துவிட்டு, மற்றவற்றைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? உங்கள் கட்டுரையைப் படித்ததிலிருந்து மனம் குழம்புகிறது.
— வாசகி, புதுக்கோட்டை

கிழிக்காதீர்கள், அம்மா. யாரையும் புண்படுத்தக்கூடிய பக்கங்கள் இருந்தால், அந்த டைரிகளைத் தனியாக ஒரு உறையில் வைத்து, எந்த ஆண்டுக்குப் பிறகு திறக்கலாம் என்று மேலே எழுதிவிடுங்கள். ஆவணக்காப்பகங்களும் இதையே செய்கின்றன: தாளை அழிப்பதில்லை, சில காலம் மூடிவைக்கின்றன. ஃபிரையின் மகள்கள் அச்சில் எவ்வளவு வெட்டினாலும் குறிப்பேடுகள் பிழைத்திருந்தன; அதனால்தான் பின்னால் வந்தவர்களுக்கு அந்தத் தாய் முழுமையாகக் கிடைத்தார். கிழிந்த பக்கத்துக்கு செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். பக்க எண் இட வேண்டுமானால் பென்சிலால் ஓரத்தில் இடுங்கள். டைரிக்குள் செருகியிருக்கும் ரசீதோ பூவிதழோ எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். எடுக்க வேண்டியிருந்தால், எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தீர்கள் என்பதை எழுதி வையுங்கள்.

இத்தனை தாள்களில் உங்களை மிகவும் பாதித்த பக்கம் எது?
— வாசகர், புதுச்சேரி

1828 ஆகஸ்டில், தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள டாகன்ஹாமில், கோடைக்காலத்துக்காகத் தங்கியிருந்த சிறிய வீட்டில் உட்கார்ந்து, எலிசபெத் தம் குழந்தைப் பருவ நினைவுகளை எழுதினார். அப்போது அவருக்கு வயது 48. ஐரோப்பாவெங்கும் பெயர் தெரிந்த பெண்மணி. எழுதியதோ தம் அச்சங்களைப் பற்றி: இருட்டைக் கண்டால் பயம், கடலைக் கண்டால் பயம். எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மா இறந்துவிடுவாளோ என்ற பயம். அதை நினைத்து இரவில் படுக்கையில் அழுவாராம். அம்மா பகலில் கண்ணயர்ந்தால், மெல்ல அருகில் போய் நின்று, மூச்சு வருகிறதா, இனி எழுந்திருக்க மாட்டாளோ என்று பார்த்துக்கொண்டே இருப்பாராம். அந்த அம்மா உண்மையிலேயே இறந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. டாகன்ஹாமில் இதை எழுதி மூன்று மாதத்தில் கணவரின் வங்கி முறிந்தது; அது வரப்போவது தெரியாமல், தூங்கும் தாயின் பக்கத்தில் நின்ற சிறுமியைப் பற்றி அவர் அமைதியாக எழுதிக்கொண்டிருந்தார்.